அங்கேயே முடிச்சிடலாம்ப்பா

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்றே வைத்துக்கொள்கிறோம், நீயாகச் சொல்லிக் கொஞ்ச நாளாயிற்று. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரியவில்லையாம். குளியலறைக் குழாய் ஒழுகியதை ஒருவழியாகச் சரிசெய்தேன், இப்போது சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. உனக்குப் பயிற்சி முடிந்து பிசினஸ் அனலிஸ்ட் வேலை கிடைத்ததைத் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டேன். அது என்ன வேலை என்று கேட்டவர்களுக்கு, ஓர் இடத்தில் வேலை எப்படி நடக்கிறது என்று அங்கிருப்பவர்களிடமே பேச்சுக் கொடுத்துத் தெரிந்துகொண்டு, கம்ப்யூட்டர்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பது என்று நீ சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். ஒப்பிக்கும்போதுகூட என் மண்டையில் உறைக்கவில்லை பார்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் சித்தி மகள் வந்திருந்தாள். நீ படித்த இடத்திலேயே அவளும் சேர்ந்திருக்கிறாள். வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே, “பெரியப்பா, அந்த இஸ்திரிக்காரரோட இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மனஸ்தாபத்தை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை, உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். கேட்டால், பயிற்சியில் ஒவ்வொருவரும் தெரிந்த ஓர் ஆளிடம் அவர் வேலையைப் பற்றிக் கேட்டுப் படிப்படியாகப் படம் போட வேண்டுமாம். நீ போட்ட படம்தான் என் ஆஸ்பத்திரித் துணி அறையாம். அது நன்றாக வந்துவிட்டதால் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் உன் பெயரோடு அதையே சுவரில் பெரிதாகக் காட்டுகிறார்களாம். எங்களிடம் சொல்லியிருக்கலாமே என்றேன். “முன்னாடியே சொன்னா ஆளுங்க வேஷம் கட்டிடுவாங்க, சும்மா பேசற மாதிரியே கேளுங்கன்னுதான் சொல்லித் தருவாங்க” என்றாள். அவள் மேல் தப்பில்லை, குழந்தை, நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னாள்.

சும்மா பேசுகிற மாதிரி. அதைத்தான் தினமும் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். இத்தனை வருஷமாக ஆஸ்பத்திரித் துணி அறையில் இருக்கிறேன், அங்கே என்ன செய்கிறாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. திடீரென்று நீ தினமும் சாயங்காலம் கூப்பிட ஆரம்பித்தாய். காலையில் முதலில் என்ன செய்வீங்க, அப்புறம், அவர் வரலைன்னா யார்கிட்ட குடுப்பீங்க, அப்புறம். நான் பூரித்துப் போனேன். மகள் பேச ஆரம்பித்ததும் மனுஷருக்கு வயது குறைந்துவிட்டது என்று அம்மா கேலி செய்தாள். உன் போன் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக மேற்பார்வையாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி சாயங்கால ஷிஃப்டைக் காலைக்கு மாற்றிக்கொண்டேன். அது உனக்குத் தெரியாது. நீ அதைக் கேட்கவில்லை.

துவைத்து வரும் துணியைப் பிரித்து நான் இஸ்திரி அறைக்கு அனுப்ப வேண்டும். இஸ்திரி அறை பக்கத்து அறை. ஆனாலும் மூட்டையை லிஃப்ட்காரரிடம் கொடுப்பேன், அவர் மேலே ஒரு சுற்றுப் போய்விட்டு இறங்கி வந்து இஸ்திரிக்காரரிடம் கொடுப்பார். ஏன்ப்பா இப்படி என்று எவ்வளவு ஆசையாகக் கேட்டாய். நானும் கொட்டிவிட்டேன். நெஞ்சுவலி என்று நான் அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, என் கட்டிலுக்கு விரிப்பைத் தேய்த்து அனுப்பிய மனுஷன், என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவர், படியேறி வந்து ஒரு தடவை எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. மகள் கலங்கிவிட்டாள், இனிமேல் இதைப் பேசக் கூடாது என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்திருக்கிறாய். பேச்சில்லாத இரண்டு பேரால் வேலையில் ஒரு படி வீண் என்று அங்கே வாத்தியார் சொல்லும்போது வகுப்பே சிரிக்குமாம். எனக்கு வலிக்கிறது அம்மா. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்னிடம் சொல்லிவிட்டுக் கேட்டிருந்தால் இன்னும் நன்றாகவே சொல்லியிருப்பேன். உன் படிப்புக்கு உதவாமல் வேறு எதற்கு நான் இருக்கிறேன். போகட்டும். யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடும் போலிருந்தது, அம்மாவிடம் சொன்னால் உன்மேல் கோபப்படுவாள். நேற்று மூட்டையை நானே தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “பொண்ணு நல்லா இருக்குதில்ல?” என்று மட்டும் கேட்டார். ஆகவே உன் படம் இப்போது தப்பு, லிஃப்ட்காரரை அதிலிருந்து எடுத்துவிடச் சொல்.

கடைசியாக நீ கூப்பிட்ட அன்று, மூட்டைகளை எல்லாம் வார்டுக்கு அனுப்பியாச்சு என்றேன். அப்புறம் என்றாய். அப்புறம் கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வருவேன் என்றேன். “அது வேண்டாம்ப்பா, அங்கேயே முடிச்சிடலாம்” என்றாய். ஏதோ கேலி என்று நானும் சிரித்தேன். உன் படம் அதோடு முடிந்துவிட்டது என்று இப்போதுதான் புரிகிறது. அதன்பின் போன் வரவில்லை.

நீ எங்கே இருந்தாலும் நல்ல பெயரோடும் நிறைந்த மனதோடும் இருக்க வேண்டும், அதில் எந்தக் குறையும் வைத்து வாழ்த்தவில்லை. வேளைக்குச் சாப்பிடு, திரையையே பார்த்துக்கொண்டிருக்காதே. ஒன்றை மறக்காதே, திங்கட்கிழமையிலிருந்து நான் பழையபடி சாயங்கால வேலைக்குப் போகிறேன், அந்த நேரத்தில் வீட்டில் இருக்கமாட்டேன். அம்மா இருப்பாள். அவளிடம் கேட்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கூப்பிடு.

இப்படிக்கு,
ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகும் உன்
அப்பா