உன் தலைக்குப் பின்னால் ஒட்டியிருந்த தாள்

அன்புத் தம்பி முனுசாமிக்கு,

உன் அண்ணன் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்கவில்லை, என் கையாலேயே எழுதுகிறேன். இந்த இரண்டு வரிக்கே ஒரு காலைப்பொழுது போய்விட்டது, ஆனாலும் மனம் நிறைந்திருக்கிறது.

புக்கிட் செந்தோசா கோயில் மண்டபத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். வகுப்பில் நான்தான் மூத்தவன். போன மாதம் மளிகைக் கடைப் பலகையை மூன்று முறை நின்று படித்தேன். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றும் வேண்டாம், படித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். இதைச் சொல்லிச் சிரிக்க நீ இல்லை.

நீ இல்லாததால்தான் படித்தேன். கோபத்தில் படித்தேன். அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

உனக்கு வந்தது வெறும் ஃப்ளூ காய்ச்சல். மருத்துவமனையில் சேர்த்த நாலாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நாளை மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தோம். நீ மட்டும் சோர்ந்து, கண் மூடியே இருந்தாய். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி உன்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள்.

எனக்கு அது பொறுக்கவில்லை. கண் மூடியவனை உட்கார வைத்தால் நம் தோட்டத்து லயன் வீடுகளில் என்ன அர்த்தம்? அப்பா இறந்த அன்று கடைசியாகக் குளிப்பாட்ட அவரை நாற்காலியில் வைத்துப் பிடித்துக்கொண்டது நீயும் நானும்தானே. உயிரோடு இருக்கிறவன் படுத்துத்தான் தூங்க வேண்டும் என்று, கால்மாட்டில் இருந்த கைப்பிடியைச் சுற்றிக் கட்டிலைத் தாழ்த்தினேன். படுத்தபடியே உனக்குக் கஞ்சியும் ஊட்டினேன். நீ இரண்டு முறை புரையேறி இருமினாய். தலையில் தட்டிவிட்டு மறுபடியும் ஊட்டினேன்.

தாதி பார்த்துவிட்டு ஓடி வந்தாள். கட்டிலை உயர்த்தினாள். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, பெரியவரைக் கூப்பிடும் மரியாதையோடு பாக்சிக் என்று கூப்பிட்டு, இதைப் படிக்கவில்லையா என்று மலாயில் கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்றேன். வங்கியிலும் தபால் நிலையத்திலும் வாழ்நாள் முழுக்கச் சொன்ன அதே பொய். நான் கண்ணாடியே போட்டதில்லை.

அதற்குள் அடுத்த கட்டிலில் யாரோ கூப்பிட, போய்விட்டாள். கட்டிலைத் தொட்டதற்குத்தான் கோபம் என்று நினைத்தேன். அவள் அந்தப் பக்கம் போனதும் திரும்பத் தாழ்த்தினேன். மறுநாளும் தாழ்த்தினேன்.

ஆறாம் நாள் உனக்கு மூச்சு வாங்கியது. காய்ச்சல் முன்னைவிட அதிகமாக ஏறியது. நம் தமிழ்ப் பெண்தான் டாக்டர். ஃப்ளூ வைரஸ் நுரையீரலைப் பலவீனமாக்கிவிட்டது, அதன் மேல் இப்போது பாக்டீரியாவும் தொற்றிச் சளி கட்டிவிட்டது என்று சொன்னார். படுத்தபடி சாப்பிட்டால் சாப்பாடும் எச்சிலும் நெஞ்சுக்குள் இறங்கும், அதனால்தான் தாளில் எழுதி ஒட்டுகிறோம் என்றார்.

“நான் கட்டில இறக்குனதாலதானா டாக்டரம்மா?”

“அப்படின்னு உறுதியா சொல்ல முடியாதுங்க ஐயா. இறக்காத ஆளுங்களுக்கும் வருது,” என்றார்.

ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய்.

யார் மேல் கோபப்படுவது, சொல். வாயால் சொல்ல வேண்டியதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனவர்கள் மேலா? உன்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு என்னைப் புல் வெட்ட அனுப்பிய அப்பா மேலா? எனக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் நீயே படித்துச் சொன்னாயே, “நீ ஏண்ணே சிரமப்படுற, நான் இருக்கேன்லா” என்றாயே, உன் மேலா? ஸ்டோரில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து தோட்டத்துக் காகிதமெல்லாம் படித்தவன் நீ. உன் உயிருக்கான தாள் உன் தலைக்குப் பின்னால் இருந்தது. உன்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை, எதிரே நின்ற என்னால் படிக்க முடியவில்லை. சுற்றிச் சுற்றி என்னிடமே வருகிறது கோபம்.

போன வாரம் பக்கத்து வீட்டு மருதமுத்துவின் மனைவிக்கு ஃப்ளூ என்று பார்க்கப் போனேன். அதே வார்டு. மருதமுத்து கால்மாட்டில், கட்டிலைத் தாழ்த்தும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சுவரில் அதே தாள், மூன்று மொழியில், கடைசியில் தமிழ்.

“அதுல என்ன போட்டிருக்குன்னு பாத்தியா?”

“கண்ணாடிய வீட்ல வச்சிட்டேண்ணே,” என்றான்.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டேன். ஆமாம் தம்பி, இப்போது உண்மையாகவே கண்ணாடி வாங்கிவிட்டேன். எழுத்து தெரிந்த பிறகுதான் கண் தெரியவில்லை என்று தெரிந்தது.

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிச் சத்தமாகப் படித்தேன். “தலைப்பக்கத்தைத் தாழ்த்த வேண்டாம். படுத்த நிலையில் உணவு தர வேண்டாம்.” வெகு நேரம் ஆனது. அக்கம்பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். மருதமுத்து கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். அவன் மனைவி முந்தாநாள் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். அந்தத் தாளால்தானா என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். கால் நடக்கும்வரை வாரம் ஒரு முறை, பார்வையாளர் நேரத்தில் அந்த வார்டுக்குப் போவேன். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். பக்கத்தில் நின்று படித்துக் காட்டுவேன்.

உனக்குப் படித்துக் காட்டாத உன் அண்ணன்,
சன்னாசி