பத்திரத்தின் ஓரம்

ஜெயமங்கலம்
4.2.2002

அன்புள்ள ஜெபமாலை,

நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் இரண்டு எழுத்துப் பிழை. டீச்சராக இருந்தவள் இப்படி எழுதலாமா?

பங்காளி மகன் அய்யாத்துரை மாந்தோப்பில் பாதி கேட்கிறான். தோப்பு முழுவதும் எங்கள் கிளைக்கே என்று முன்னோர் 1838இல் எழுதிய பத்திரத்தை என் கணவர் விட்டுப்போயிருக்கிறார். "சித்தி, அது சித்தப்பாவே எழுதிக்கிட்டதுன்னு ஊர்ல பேசிக்கிறாக. கோர்ட்டுல சோதிச்சிருவமா?" என்று வாசலில் நின்று சிரித்தான். விரட்டிவிட்டேன்.

நீ கன்னியர் மடத்தில் கைக்காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தவள். பழைய காகிதத்தை எப்படிச் சோதிப்பது?

உன்,
செல்வமணி

மதுரை
15.2.2002

பாசமுள்ள செல்வி,

பிழைக்கு மன்னித்துவிடம்மா.

1838 என்றால் கையால் செய்த காகிதமாகத்தான் இருக்கும். வெயிலில் உயர்த்திப் பார், கூழை வடித்த புல் சல்லடையின் கோடுகள் தெரியும். ஆட்டினால் சடசடக்கும். கஞ்சி தடவியிருப்பதால் நாக்கு நுனி பட்டாலும் ஈரம் உடனே ஊறாது. இன்னும் சந்தேகம் என்றால் எழுத்தில்லாத ஓரத்தை நீளத்தில் கொஞ்சம், குறுக்கே கொஞ்சம் கிழி. இரண்டு திசையிலும் நார் தெரியக் கோணலாகக் கிழிய வேண்டும். பின்னால் வந்த மில் காகிதம் ஒரு திசையில் கோடு போட்டதுபோல் நேராகக் கிழியும்.

பயப்படாதே. அண்ணன் பொய்ப் பத்திரம் எழுதுகிறவர் இல்லை.

ஜெபமாலை

ஜெயமங்கலம்
2.3.2002

அன்புள்ள ஜெபமாலை,

மொட்டை மாடியில் பிடித்துப் பார்த்தேன். கோடு ஒருநாள் தெரிகிறது, மறுநாள் தெரியவில்லை. கண்புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆட்டினேன். சத்தமே இல்லை. நாக்கில் வைக்கப் பயமாக இருந்தது. வைத்தேன். ஈரம் மறுபக்கம் வந்துவிட்டது.

கிழிக்க மட்டும் கை வரவில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட என்னிடம் சொல்கிற மனிதர். நாற்பத்தோரு வருடம் இதைச் சொல்லாமல் இருந்திருப்பாரா? அய்யாத்துரை அடுத்த வாரம் வக்கீலோடு வருகிறான்.

செல்வமணி

மதுரை
6.3.2002

செல்வி,

அவன் வருவதற்குள் கிழித்துப் பார்த்துவிடு. எப்படிக் கிழிந்தாலும் எனக்கு எழுது. அன்றைக்கே பஸ் ஏறிவிடுகிறேன்.

ஜெபமாலை

ஜெயமங்கலம்
20.3.2002

திருமதி ஜெபமாலை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கிழித்தேன். நேராகக் கிழிந்தது. மிச்சத்தை அடுப்பில் போட்டுவிட்டேன்.

பாதித் தோப்பை அய்யாத்துரைக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. "என்ன சித்தி, திடீர்னு மனசு மாறிட்டீக?" என்றான். வழக்கு நடத்தத் தெம்பில்லை என்றேன். ஊர்ப் பேச்சு வெறும் பேச்சாகவே இருக்கும். உண்மை தெரிந்தவர்கள் நாம் இருவர்தான். நான் மறக்கப் பார்க்கிறேன். தங்கள் கையெழுத்தைக் கண்டால் அது முடியாது.

ஆகவே தாங்கள் வர வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி செல்வமணி ஈஸ்வரபாண்டி