குளியலறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும்

பெரியவனுக்கு,

மகனே என்று எழுத மனசு வரவில்லை. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு இதை முழுசாகப் படி.

பத்து மணிக்குத் தச்சன் வருகிறான். நேற்று நீயும் உன் பெண்டாட்டியும் அவனோடு நின்று குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. இடுப்புதான் போயிற்று, காது போகவில்லை. குளியலறைக் கதவை எடுத்துவிட்டு மடக்குக் கதவு போடப் போகிறீர்களாம், தாழ்ப்பாளே இல்லாமல். அதற்குப் பேர் கதவா? அதுக்கு ஒரு சாக்கைத் தொங்கவிடலாம்.

போன மாதம் நான் உள்ளே விழுந்து கதவுக்குக் குறுக்கே கிடந்தேன். நீங்கள் தள்ளியும் திறக்கவில்லை. சரி. அதற்கு, உள்பக்கம் திறக்கிற கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்ட வேண்டும். கீலையும் நிலையையும் மாற்றினால் வேலை முடிந்தது. நாலாவது வரை போன எனக்கே இது தெரிகிறது. இத்தனை படித்து நீ என்ன கிழித்தாய்?

துணியில்லாமல் நிற்கிறவனுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். அடுத்த வாரம் வருகிற உன் மாமியார் எந்தக் கதவையும் தட்டிப் பழக்கமில்லாதவள்.

ஹார்டுவேர் கடைக்குப் போகிறேன். உள்ளே பூட்டினாலும் வெளியிலிருந்து ஸ்பூன் காம்பால் திருப்பித் திறக்கிற தாழ்ப்பாள் இருக்கிறதாம். நான் வரும்வரை தச்சன் கதவில் கை வைக்கக் கூடாது.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். அந்த ஸ்பூன் உன்னிடம் மட்டும் இருக்கட்டும். கூப்பிட்டு நான் பதில் சொல்லாவிட்டால் திற. உள்ளேயிருந்து திட்டினால் திறக்காதே, நன்றாகத்தான் இருக்கிறேன்.