அடுக்களைக் கூரையில் உன் படம்

இன்றைக்கு ஹர்த்தால். தம்பானூரில் ஒரு பஸ் இல்லை, ஒரு கடை திறக்கவில்லை. நான் மாவு கொடுக்கும் ஹோட்டலும் ஷட்டரை இறக்கிவிட்டது. காலையில்தான் சொன்னார்கள். அரிசியும் உளுந்தும் நேற்றே ஊறப் போட்டாயிற்று. மழை வேறு. அடுக்களையின் பின்பாதியில் கூரையாக அடித்திருக்கிற ஃப்ளெக்ஸ் படபடவென்று சத்தம் போடுகிறது. அண்ணாந்து பார்த்தால் உன் முகம்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நீ மலையாளப் பள்ளியில் படித்தவள், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய். அதனால் சின்னச் சின்ன வார்த்தையாக எழுதுகிறேன். வாசிக்க நீ இல்லை என்று தெரியும். தெரிந்தும் கை அப்படித்தான் எழுதுகிறது.

ஹர்த்தால் என்றால் நீ ஜெர்மனிக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமைதான் ஞாபகம் வரும். உன் கல்லூரியிலிருந்து ஒரு வருஷத்துக்கு அங்கே படிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வந்து படித்தது. அந்த ஊர்ப் பெயர் கடைசிவரை என் வாயில் நுழையவில்லை. ஒரு ஆறு, ஒரு பாலம், ஒரு சர்ச், நடந்தால் கால் மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும் என்பாய்.

அன்றைக்குக் காலையில் போன் பண்ணினாய்.

"அம்மா, இங்க இன்னிக்கு ஹர்த்தாலாக்கும். ஒரு கட தொறக்கல. ரோட்டுல ஒரு ஆளக் காணல."

"எந்தக் கட்சி ஹர்த்தாலு?"

"யாருக்குத் தெரியும்? ஒட்டியிருக்கதெல்லாம் அவங்க பாஷையில இருக்கு."

"நீ வெளிய எறங்காத மக்களே. கல்லு எறிவானுவ. சன்னலச் சாத்திட்டு உள்ளயே இரி."

நீயும் நான் சொன்னதைக் கேட்டு, கொடுத்துவிட்ட அவலையும் முறுக்கையும் தின்றுகொண்டு பகல் முழுக்க அறைக்குள்ளேயே இருந்தாய். திங்கட்கிழமை வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அங்கே எல்லா ஞாயிறும் அப்படித்தானாம். "வாராவாரம் ஹர்த்தால் அம்மா, கல்லேறு மட்டும் கெடையாது!" என்றாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஓமனச் சேச்சி என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். அதிலிருந்து நம் இரண்டு பேருக்கும் ஞாயிறு என்றால் ஹர்த்தால்.

நீ கிளம்புவதற்கு முன்பே நம் லைன் வீட்டுச் சங்கத்துக்காரர்கள் தெரு முக்கில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். விசாவுக்கு எடுத்த படம். காது இரண்டும் தெரிய, உம்மென்று இருப்பாய். "சிரிக்கப் பாடில்லையாம் அம்மா, சிரிச்சா படத்த எடுக்க மாட்டாங்களாம்." நான் மலையாளம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. ஓமனச் சேச்சிதான் வாசித்துச் சொன்னாள். "அபிநந்தனங்கள்னு போட்டிருக்கு செல்வி. வாழ்த்துக்கள்." அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

டிசம்பரில் ஒரு நாள், நான் மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டாய். அங்கே நாலு மணிக்கே இருட்டிவிட்டது என்றாய்.

"அம்மா, இப்ப எல்லா நாளும் ஹர்த்தால்தான். பேசறதுக்கு ஒரு ஆளில்ல. நான் வந்துரட்டா?"

நான் சொன்னேன், "ஃப்ளெக்ஸ் வச்சாச்சு மக்களே."

அவ்வளவுதான் சொன்னேன். சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்கவில்லை. பாதியில் திரும்பி வந்தால் அந்த முக்கை எப்படித் தாண்டுவது, நாலு பேர் என்ன கேட்பார்கள், அதுதான் முதலில் மனசுக்கு வந்தது. நீ "செரி அம்மா" என்றாய். பிறகு, "போன வைக்காத. அப்படியே வச்சிட்டு ஆட்டு. சத்தம் கேட்டா போதும்" என்றாய். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்தேன். மாவு முடிகிற வரைக்கும் நீ பேசவில்லை. அப்புறம் ஒரு நாளும் வரட்டுமா என்று கேட்கவில்லை.

வருஷத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாய். வந்த வாரமே அந்த ஃப்ளெக்ஸைச் சங்கத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாய். அடுக்களைப் பின்பக்கம் ஒழுகும் தார்ப்பாயைப் பிரித்துவிட்டு நீயே ஏறி இதை விரித்தாய்.

"படம் மேல இருக்கட்டும் மக்களே, நல்லா இருக்கும்" என்றேன்.

"வேண்டா. மூஞ்சி கீழ நோக்கிக் கெடக்கட்டும். நீ சட்னில உப்பக் கூட்டுறியான்னு பாக்கணும்."

அப்போதுதான் கேட்டேன். "அன்னிக்கு நான் வரச் சொல்லலன்னு எம்மேல கோவமா?"

"ஆணியத் தா அம்மா" என்றாய்.

கொடுத்தேன். மறுபடி கேட்கலாம் என்று இருந்தேன். நாள் கிடக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த மழையில் தம்பானூர் வெள்ளத்தில் இறங்கி நடந்து வந்தாய். காய்ச்சல் வந்தது. எலிப்பனி என்றார்கள், எலிக்காய்ச்சல். நாலாம் நாள் நீ இல்லை.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸில் நானும் சேச்சியும் இருந்தோம். முக்கு திரும்பும்போது பார்த்தேன், அதே இடத்தில் ஃப்ளெக்ஸ். அதே படம், அதே காது. ஒரு நிமிஷம், நீ எதிலோ பாஸாகிவிட்டாய் என்று நினைத்தேன், மக்களே. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நீ என் காலடியில்தான் கிடந்தாய். "சேச்சி, இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். அவள் என் தலையைப் பிடித்துத் தன் தோளில் அமுக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அழுகை வரவில்லை. "அழு செல்வி, அழுதாத்தான் கொஞ்சம் ஆறும், கேட்டோ" என்று சேச்சி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வந்தால் அழமாட்டேனா? அரிசி ஊறப் போடுகிறேன், ஆட்டுகிறேன், கொடுக்கிறேன், பாத்திரம் கழுவுகிறேன். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா, கூடிவிட்டதா, அதுகூடத் தெரிவதில்லை.

நீ போனதுக்கு வைத்த அந்த இரண்டாவது ஃப்ளெக்ஸைப் பதினாறு முடிந்ததும் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கதவுக்குப் பின்னால் நிற்கிறது. முதலாவது வெயிலில் வெடித்துவிட்டது. இன்றைக்கு உன் நெற்றி இருக்கிற இடத்தில் ஒழுகுகிறது. காலையில் சேச்சி பார்த்துவிட்டு, "மத்தது சும்மா இருக்கில்ல, அத எடுத்து மேல விரி" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். "இருக்கட்டும் சேச்சி" என்றேன். கீழே இட்லிப் பானையை வைத்திருக்கிறேன். நிறைந்தால் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறேன்.

வாங்க ஆளில்லை என்றாலும், ஊறினதை வீணாக்க முடியாது. கிரைண்டரைப் போட்டுவிட்டேன். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறேன், அது பழக்கமாகிவிட்டது. கிரைண்டர் சுற்ற ஆரம்பித்ததும் தினமும் ஒரு தடவை, "வந்துரு மக்களே" என்பேன். இன்றைக்கும் சொன்னேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கேட்காது. சொல்லிவிட்டு மேலே பார்ப்பேன்.

நீ சிரிப்பதில்லை. அந்தப் படத்தில் சிரிக்கக் கூடாதாம்.