ஓட்டியது உன் அம்மா

அன்பு மகளே,

இன்சூரன்ஸ் ஏஜென்ட் நேற்றும் வந்தார்.

"அம்மா எல் போர்டு மாட்டாம ஓட்டுனாங்கன்னு கிளெய்மைத் தள்ளிட்டாங்க. நீங்க ஓட்டுனதா எழுதிக் குடுங்க ஐயா, வாங்கிடலாம்" என்றார். போனில் நீயும் அதையே சொன்னாய்.

எழுத மாட்டேன்.

"இந்த வயசுல ஆயாவுக்கு ஸ்டீயரிங் கேக்குதா?" என்று நம் குவார்ட்டர்ஸ் பிளாக்கே சிரித்தது. அவள் விடாமல் பழகினாள். அன்று டவுன்ஷிப் வாசலில் இருக்கும் ஆர்ச் கேட் வரை இன்ஜின் ஒருமுறைகூட நிற்கவில்லை.

"பாத்துகினுதானே வர்றீங்க, எப்படி ஓட்டுறேன்? வாயத் தொறந்து சொன்னா என்னவாம்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே தப்பான பக்கத்தில் லாரி வந்துவிட்டது.

அவளிடம் சொல்ல முடியாமல் போனதைக் கம்பெனிக்கு இன்று எழுதி அனுப்பிவிட்டேன்: வண்டியை ஓட்டியது என் மனைவி. நன்றாக ஓட்டினாள்.

இப்படிக்கு,
உன் அப்பா