கோலிக்குண்டும் அரை கிலோமீட்டரும்

அன்புள்ள சிட்டுவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம், அவளுடைய இடது முழங்காலைத் தவிர. அது படிக்கட்டைப் பார்த்தால் மட்டும் நலமில்லை என்கிறது. நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். "சித்தப்பா வராத என் கல்யாணத்துக்கு நானும் வர மாட்டேன்" என்று நீ எழுதியதை அம்மா மூன்று தடவை உரக்க வாசித்து, "இந்தப் பிடிவாதம் யார்கிட்டேருந்து வந்ததோ" என்று என்னைப் பார்த்தே சொன்னாள். பதில் எழுத இருபது நாள் ஆகிவிட்டது. கோபத்தால் மட்டும் இல்லை.

பதினொரு வருடமாக நான் தம்பியோடு பேசாத காரணம் உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு வேதியியல் புத்தகத்துக்கு அணு அமைப்புப் பாடத்தை நான் எழுத, அவன் படம் வரைந்தான். எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் அணுக்கரு, அதைச் சுற்றித் தண்டவாளம் போட்டதுபோல வட்ட வட்டமாக எலக்ட்ரான்கள். மதிப்பீட்டுக் குழுவில் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடித்துச் சிரித்தார்கள், துறைத் தலைவர் பதவி எனக்குப் பின்னால் சேர்ந்தவனுக்குப் போனது. ஆசிரியர் அறையில் எனக்குச் சூரியக் குடும்பம் என்று பெயர். "சூரியக் குடும்பம் சார், டீ ஆறுது" என்று பியூன்கூடக் கூப்பிட்டான். அன்று யார் யார் சிரித்தார்கள், யார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன். இப்போது திருத்திய பதிப்பு வருகிறது. அச்சகத்தார் பழைய கையெழுத்துப் பிரதியைக் கேட்டதால் போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். அதில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், "கிரகங்கள் சூரியனைச் சுற்றுவதுபோல எலக்ட்ரான்கள் சுற்றுகின்றன. படம் இதன்படியே இருக்கட்டும், கரு பெரிதாகத் தெரியட்டும்" என்று இருக்கிறது. மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொல்லலாம். மறப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரி.

மறுநாள் விடிந்ததும், புதுப் பதிப்புக்கு ஒரு கணக்கைச் சரிபார்க்கிற சாக்கில், வாசலில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு நடந்தேன். ஹைட்ரஜனின் கரு அந்தக் குண்டளவு என்றால் எலக்ட்ரான் இருக்கக்கூடிய தொலைவு ஏறக்குறைய அரை கிலோமீட்டர். தெருவெல்லாம் பனிமூட்டம். அடிகளை எண்ணிக்கொண்டே போனேன், தையற்கடை போனது, ரொட்டிக்கடையின் மணம் மட்டும் கொஞ்சதூரம் கூடவே வந்தது. அறுநூற்று எழுபதாவது அடியில், தபால் பெட்டியில் சாய்ந்து திரும்பிப் பார்த்தால் வீடு இல்லை, தெரு இல்லை, வெளுப்புதான். எலக்ட்ரானும் அந்த வெளுப்பைப் போலத்தான் சிட்டு, இதோ இங்கே என்று விரல் நீட்ட முடியாது. ஓரிடத்தில் கொஞ்சம் அடர்த்தி, ஓரிடத்தில் மெல்லிசு, மற்றதெல்லாம் காலி. தபால் பெட்டியும் காலி, அதில் சாய்ந்திருந்த தோளும் காலி, ஆனாலும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நின்றன. இவ்வளவு காலியான உடம்புக்குள் பதினொரு வருடக் கோபத்தை எங்கே வைத்திருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது, கால் நிற்கவில்லை. இரண்டு தெரு தாண்டி அவன் வீட்டுக் கதவைத் தட்டினேன். "ஸ்வெட்டர்கூடப் போடாம வந்திருக்கே, உள்ள வா" என்றான், நேற்றுப் போய்விட்டு வந்தவனிடம் சொல்வதுபோல. மேசைமேல், அச்சகத்தார் அவனிடமே கேட்டிருந்த புதுப் பதிப்புக்கான படம். வட்டமே இல்லை, மெல்லிய பேனாவால் ஆயிரக்கணக்கான புள்ளிகள், நடுவில் நெருங்கி, ஓரத்தில் கலைந்து. அச்சக மேலாளர் பூஞ்சை பிடித்த மாதிரி இருக்கிறது என்றாராம். "இதுல எலக்ட்ரான் எதுன்னு மட்டும் கேட்டுடாதே அண்ணா, எனக்கும் தெரியாது" என்றான். நான் நின்றபடியே, தப்பு என்னுடையது, சிவப்பு மையில் இருக்கிறது என்றேன். "தெரியுமே, அதோட நகல் என்கிட்ட இருக்கு" என்றான், பேனாவைத் துடைத்துக்கொண்டே. பிறகேன் யாரிடமும் காட்டவில்லை என்று கேட்டேன். "ஏற்கெனவே உன்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டுதானே இருந்தாங்க" என்றான்.

உன்னிடம் மறைப்பானேன், அதற்கும் எனக்குக் கோபம் வந்தது, இத்தனை வருடம் என்னைத் தப்பாகவே இருக்க விட்டுவிட்டானே என்று. ஆனால் இந்தக் கோபத்தை அவனிடமே சொல்ல முடிந்தது. பழைய படத்தின் பிழை ஆசிரியருடையது என்று முன்னுரையில் ஒரு வரி சேர்த்துவிட்டேன், படித்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

உங்கள் இருவருக்கும் எங்கள் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பத்திரிகையைச் சித்தப்பாவுக்கு உன் கையாலேயே முகவரி எழுதி அனுப்பு, நான் கொடுத்தால் மரியாதையாக இருக்காது. அவன் வருகிறான், நீ டிக்கெட் எடுத்துவிடு.

உன் அப்பா