கதவைத் திறந்த தங்கை

எழுத்தாளர் தங்கைக்கு,

உன் பேய் நாவலைப் படித்துத் தொலைத்தேன். என் மகள் பாதியிலேயே தூக்கிப் போட்டுவிட்டாள். "பேயெல்லாம் இல்ல, அந்தக் குடிகார அப்பாதான் எல்லாம் பண்றாருன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சும்மா. சித்திக்குப் பயமுறுத்தவே தெரியல" என்றாள்.

கடைசி அத்தியாயத்துக்குத்தான் எல்லோரும் உருகுகிறார்களாமே? அப்பா பெல்ட்டோடு துரத்த, அக்கா ஓடிவந்து அறைக்கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கும் தங்கை பாய்ந்து வந்து திறந்து அவளைக் காப்பாற்றுகிறாள்.

அடிப்பாவி! "கதவத் திறடி" என்று நான் தொண்டை கிழியக் கத்தியபோது, உள்ளே தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நீதானே? அன்று போன இடது காது எனக்குத் திரும்பவே இல்லை.

அடுத்த பதிப்பில் அந்தக் கதவைத் திறக்காதே. பிள்ளைகள் நன்றாகவே பயப்படுவார்கள்.

இப்படிக்கு,
வெளியே நின்ற அக்கா